களவு போனால் பொலிசில் சிங்களத்தில் சொல்லிப் பழகுவது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் ஒரு வாசிகசாலையில் மாலை வேளைகளில் சிங்களப் பேச்சுப் பயிற்சி நடத்துகிறோம். கடை, பஸ், ஆஸ்பத்திரி, வங்கி என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பயிற்சி உண்டு. ஆட்கள் கூடத் தயங்குவதும் கூடக் கேள்வி கேட்பதும் ஒன்றில்தான்: பொருள் களவு போய்விட்டது, பொலிஸ் நிலையத்தில் போய் அதைச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். கேட்பவர் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. ஆகவே கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சிங்கள வசனங்கள் தமிழ் எழுத்தில் உள்ளன. எழுத்து முழு ஒலியையும் காட்டாது. சிங்களம் தெரிந்த ஒருவரை ஒருதரம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, கேட்டுக்கொண்டு பழகுங்கள்.

நாங்க திருகோணமலையில இருக்கிறம். இங்க தமிழ் தெரிஞ்ச பொலிஸ் இருப்பினம்தானே, பிறகு ஏன் இதைப் பழக வேணும்?

களவு நடப்பது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. ஹபரணை, தம்புள்ளை வழியாகக் கண்டிக்குப் போகும் பஸ்ஸில், கொழும்புக்குப் போகும் இரவு ரயிலில், புறக்கோட்டை நெரிசலில், கதிர்காமத் திருவிழாக் கூட்டத்தில். எந்த இடத்தில் நடந்ததோ அந்த இடத்துப் பொலிஸ் நிலையத்தில் சொல்வதுதான் முறை. அங்கே மேசையில் இருப்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்று நம்பிப் போக முடியாது. எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே கந்தளாய், சேருவில பக்கம் போனால், அதுவும் இரவு நேரமென்றால், இதே நிலைதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பை போய்விட்டது என்று தெரிந்த நேரத்தில் தாய்மொழியே சரியாக வராது. இரண்டாம் மொழி எங்கே வரும்? முன்கூட்டியே வாயில் ஏற்றி வைத்த வசனம்தான் அந்த நேரத்தில் கை கொடுக்கும்.

எனக்குச் சிங்களத்தில ஒரு சொல்லும் வராது. எதில இருந்து தொடங்குறது?

மூன்று வசனங்களில் இருந்து. “பெமினில்லக் தான்ன ஆவே” என்றால் முறைப்பாடு ஒன்று போட வந்தேன். “மட்ட சிங்ஹல ஹொந்தட்ட பே” என்றால் எனக்குச் சிங்களம் நன்றாக வராது. “ஹெமின் கியன்ன” என்றால் மெதுவாகச் சொல்லுங்கள். முன்னால் “சேர்” அல்லது “மஹத்தயா” சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் உத்தியோகத்தர் என்றால் “மிஸ்” அல்லது “மேடம்”.

முதல் வசனத்தை மட்டும் வாசலில் நிற்கும் காவலாளியிடமும் சொல்ல வேண்டிவரும், உள்ளே மேசையிலும் சொல்ல வேண்டிவரும். அது தடங்கல் இல்லாமல் வந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். அது வரும்வரை எங்கள் பயிற்சியில் அடுத்த படிக்குப் போவதில்லை.

இலக்கணம் ஒண்டும் படிக்காம வசனத்தைப் பாடமாக்கினாப் போதுமா?

இந்தத் தேவைக்குப் போதும். தமிழரான எங்களுக்கு ஒரு வசதியும் உண்டு. சிங்கள வசனம் தமிழ் வசனத்தின் வரிசையிலேயே போகும், வினை கடைசியில் வரும். “அத உதே அட்டட்ட மகே பேக் எக்க பஸ் எக்கேதி நெதி உணா.” இதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் வைத்துப் பாருங்கள்: இன்று, காலை, எட்டுக்கு, என்னுடைய, பேக், பஸ்ஸில், காணாமல் போனது. ஒரு சொல்லையும் இடம் மாற்ற வேண்டியதில்லை.

ஆகவே இந்த ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு இடையில் உள்ளதை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். “அத” இன்று, “ஈயே” நேற்று. “உதே” காலை, “ஹவஸ” மாலை, “ரே” இரவு. பேக் இருந்த இடத்தில் “பர்ஸ் எக்க”, “ஃபோன் எக்க”, “பைசிகல் எக்க” போடலாம். கிட்டத்தட்ட எந்த ஆங்கிலப் பொருட்பெயருக்குப் பின்னாலும் “எக்க” சேர்த்தால் பேச்சுச் சிங்களம் ஆகிவிடும். இடம் சொல்ல “பஸ் எக்கேதி” போலவே “கடேதி” என்றால் கடையில், “ஒரலோசு கனுவ லகதி” என்றால் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில். திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தை வைத்தே பழகலாம், எல்லாருக்கும் தெரிந்த இடம்.

ஒலியில் ஒன்றைக் கவனியுங்கள். “பெமினில்ல”, “நெதி” என்று நான் எழுதியிருக்கும் இடங்களில் வருவது சுத்த எகரம் இல்லை. அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில், “பேக்” என்று சொல்லும்போது வாய் திறப்பதுபோல, ஆனால் குறுகி வரும். அது சரியாக வராவிட்டாலும் விளங்கிக்கொள்வார்கள், அதற்காகப் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

நான் சொல்லுறதைச் சொல்லிப்போடுவன். அவை திருப்பிக் கேக்கிறதுதான் விளங்குதில்லை. என்னென்ன கேப்பினம்?

உண்மையான சிரமம் இதில்தான் இருக்கிறது. சொல்வதைவிடக் கேட்டு விளங்குவதற்குத்தான் கூட நேரம் ஒதுக்க வேண்டும். நல்ல காலமாக, முறைப்பாடு எழுதுபவர் கேட்கும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை.

முதலில் உங்களைப் பற்றி. “சம்பூர்ண நம?” முழுப் பெயர். “பதிஞ்சி கொஹேத?” வசிப்பது எங்கே. “ஹெந்துனும்பத?” அடையாள அட்டை. “ரஸ்ஸாவ மொகக்த?” என்ன வேலை. உங்கள் ஊர்ப்பெயரைச் சிங்களத்தில் சொல்லப் பழகுங்கள்: திருகோணமலை அவர்களுக்குத் “திரிகுணாமலய”, மட்டக்களப்பு “மடகளபுவ”, யாழ்ப்பாணம் “யாப்பனய”, கண்டி “மஹனுவர”. பஸ் மஹனுவர போகிறதா என்று கேட்டால் விழிக்காமல் இருக்க அது உதவும்.

பிறகு சம்பவம். “மொனவாத நெதி உணே?” என்னென்ன காணாமல் போயின. “கொஹெதித?” எங்கே வைத்து. “கவதாத?” எப்போது, “கீயட்டத?” எத்தனை மணிக்கு. “அந்திமட்ட தெக்கே கவதாத?” கடைசியாகக் கண்டது எப்போது. “பாட்ட மொகக்த?” என்ன நிறம். “வட்டினாகம கீயத?” பெறுமதி எவ்வளவு. முடிவில் “செக கரன கெனெக் இன்னவாத?” சந்தேகப்படும் ஆள் யாராவது உண்டா.

பெரும்பாலான கேள்விகள் “த” என்று முடிவதைப் பாருங்கள். அந்த ஒலி வந்தால் கேள்வி வந்திருக்கிறது என்று அர்த்தம். முழு வசனமும் பிடிபடாவிட்டாலும் அதில் வரும் ஒரு சொல்லைப் பிடியுங்கள்: பாட்ட, வட்டினாகம, கீயட்ட. பிடிபடவில்லை என்றால் “தேருணே நே, ஆயெத் கியன்ன” — விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள். விளங்காமல் “ஔ, ஔ” என்று தலையாட்டுவது மட்டும் வேண்டாம். நீங்கள் தலையாட்டியது அப்படியே கொப்பியில் ஏறிவிடும்.

நேரமும் காசும் சொல்லேக்க தடுமாறுது. அதுக்கு ஏதும் வழி இருக்கா?

எல்லாருக்கும் தடுமாறும் இடம் அது. நான்கு “ஹத்தர”, ஏழு “ஹத்த”, ஆறு “ஹய”. அவசரத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறிவிடும். நான்கு மணிக்கு நடந்தது ஏழு மணி ஆகிவிட்டால் பஸ்ஸே மாறிப்போகும். பணத்தில் இன்னும் மோசம்: அறுபதாயிரம் “ஹெட்ட தாஹ”, எழுபதாயிரம் “ஹெத்தே தாஹ”.

வழி சுலபம். இலக்கங்களை வாயால் சொல்லிக்கொண்டே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் காட்டுங்கள். 4.30, 60,000 என்று எழுதினால் எந்த மொழிக்காரருக்கும் ஒன்றுதான். பயிற்சிக்கு வரும்போது பேனையும் கடதாசியும் கட்டாயம் என்று நாங்கள் சொல்வது இதற்காகத்தான். காலையா மாலையா என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்.

துலைஞ்சதா, ஆராவது எடுத்ததா எண்டு எனக்கே தெரியாது. எப்படிச் சொல்லுறது?

தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். காணவில்லை என்றால் “நெதி உணா”. ஒருவர் எடுப்பதைக் கண்டீர்கள், அல்லது பையின் அடி பிளேட்டால் வெட்டப்பட்டிருக்கிறது என்றால் “ஹொரகம் கலா”, களவெடுத்துவிட்டார்கள். இரண்டும் தெரியாவிட்டால் கடைசியாகக் கண்ட இடத்தையும் காணவில்லை என்று முதலில் தெரிந்த இடத்தையும் சொன்னால் போதும். ஹபரணையில் தேத்தண்ணிக்கு இறங்கும்போது இருந்தது, தம்புள்ளையில் பார்க்கும்போது இல்லை. விசாரிப்பவருக்கு வேண்டியது அந்த இடைவெளிதான்.

அடித்தோ, மிரட்டியோ, கத்தியைக் காட்டியோ பறித்திருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும். சட்டத்தில் அது சாதாரண களவு இல்லை. தண்டனைச் சட்டக்கோவையில் களவு 366ஆம் பிரிவில் இருக்கிறது, கொள்ளை 379ஆம் பிரிவில் இருக்கிறது, தண்டனையும் வேறு. வார்த்தை வராவிட்டால் கையால் செய்து காட்டுங்கள். ஆள் பக்கத்தில் நிற்கிறார், ஆபத்து இன்னும் முடியவில்லை என்றால் நிலையத்துக்குப் போகும்வரை காத்திராமல் 119க்கு அழைக்க வேண்டும்.

பக்கத்து இருக்கையில் இருந்தவர்தான் எடுத்திருப்பார் என்று மனம் சொல்லலாம். கண்ணால் காணாவிட்டால் “தெக்கே நே”, நான் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். அரைகுறை மொழியில் ஒருவரைக் குற்றம் சாட்டினால் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பாக்கிறன். அது காணுமா?

காணாது. கண்ணாடி இடைமறித்துக் கேள்வி கேட்காது. இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து எழுத வேண்டும், மற்றவர் நின்றுகொண்டு சொல்ல வேண்டும். எழுதுபவர் நிமிர்ந்து பார்க்கக் கூடாது, நடுவில் ஃபோன் வந்ததுபோல எழும்பிப் போக வேண்டும், திரும்பி வந்து கேள்வியை வேறு இடத்தில் இருந்து தொடங்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் அப்படித்தான் நடக்கும், அவர்களுக்கு ஆயிரம் வேலை. ஒழுங்காக வரிசைப்படி சொல்லிப் பழகியவர் அங்கே முதல் தடங்கலிலேயே நின்றுவிடுவார்.

கற்பனைப் பொருளை வைத்துப் பழகாதீர்கள், கையில் இருக்கும் உங்கள் சொந்தப் பையை வைத்துப் பழகுங்கள். மூதூரில் இருந்து வரும் ஒரு அக்கா தன் கைப்பையை மேசையில் வைத்துவிட்டு, “தும்புரு பாட்ட பேக் எக்கக்” என்று ஆரம்பித்தார், மண்ணிறப் பை. அதுபோல் பை ஊரெல்லாம் இருக்கும், உங்களுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று எதிரில் இருந்தவர் கேட்டார். அக்கா பையைத் திருப்பிப் பார்த்தார். சிப் பழுதாகி, அது திறக்காமல் இருக்க ஒரு ஊக்கு குத்தியிருந்தார். உள்ளே வங்கிப் புத்தகம், மடக்குக் குடை, அம்மாவின் பிரஷர் மாத்திரை அட்டை. நிறத்தைவிட அந்த ஊக்கும் மாத்திரையும்தான் அந்தப் பையை அவருடையது ஆக்குகின்றன. பொருளைப் பற்றி இப்படி இரண்டு அடையாளம் சொல்ல முடிந்தால் நிறத்துக்கான சொல் மறந்தாலும் பரவாயில்லை.

அப்புறம், ஆளை மாற்றி மாற்றிப் பழகுங்கள். ஒரே தோழியுடன் பழகினால் அவரின் குரலுக்கு மட்டும்தான் காது பழகும். வேகமாகப் பேசும் ஒருவரையாவது தேடிப் பிடியுங்கள்.

சிங்களத்திலதான் சொல்ல வேணும் எண்டு சட்டமா? தமிழில முறைப்பாடு குடுக்க ஏலாதா?

தாராளமாகக் கொடுக்கலாம். எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பதிலை எல்லாரும் படித்து வைத்திருக்க வேண்டும் என்பது என் விருப்பம். 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. 1988இன் 16ஆவது திருத்தத்தோடு வந்த அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பிரதேசத்திலும் ஒருவர் அரச உத்தியோகத்தருடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ள உரிமை உண்டு. ஆகவே கண்டியிலும் காலியிலும்கூட இது பொருந்தும்.

பொலிஸ் முறைப்பாட்டுக்கு இன்னும் நேரடியான விதி இருக்கிறது: 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, 109ஆம் பிரிவு. வாயால் சொல்லும் தகவலை, சொன்ன மொழியிலேயே உத்தியோகத்தர் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத அவரால் முடியாவிட்டால், நீங்கள் விரும்பும் மொழியில் நீங்களே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். உங்களால் எழுத முடியாது என்றால்தான் அவர் காரணத்தைப் பதிந்துவிட்டுத் தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதலாம். அப்போதும் உங்களுக்கு விளங்கும் மொழியில் அதைச் சொல்லிக் காட்ட வேண்டும்.

அதனால் இரண்டு வசனங்களைக் கூடுதலாகப் பழகுங்கள். “தெமல தன்ன கெனெக் இன்னவாத?” தமிழ் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா. “மம தெமலென் லியலா தென்னம்.” நான் தமிழில் எழுதித் தருகிறேன். எழுதப் பழகுவதும் பயிற்சிதான். என்ன, எங்கே, எப்போது, எப்படிக் கவனித்தேன், அடையாளம், பெறுமதி, திகதி, கையெழுத்து எல்லாம் அரைப் பக்கத்துக்குள் வர வேண்டும். உரிமை இருக்கும்போது சிங்களம் எதற்கு என்று சிலர் கோபமாகவே கேட்கிறார்கள். அந்த உரிமையை எதிரில் இருப்பவரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்கவும் அவருக்கு விளங்கும் நாலு வசனம் வேண்டியிருக்கிறது.

அவர் சிங்களத்தில எழுதிப்போட்டு ஒப்பம் வைக்கச் சொன்னார். எனக்கு வாசிக்கத் தெரியாது. வைக்கலாமா?

விளங்காமல் வைக்க வேண்டாம். “கியவலா தென்ன” — வாசித்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வாசித்தும் விளங்காவிட்டால், மேலே சொன்ன 109ஆம் பிரிவின்படி விளங்கும் மொழியில் சொல்லிக் காட்டும்படி கேட்பதில் தப்பே இல்லை. அனுமதி கேட்டு, சிங்களம் தெரிந்த சொந்தக்காரர் ஒருவருக்கு ஃபோன் எடுத்து, அவர் கேட்க வாசிக்கச் சொல்வதும் நடக்கிற காரியம்.

எழுத்து தெரியாவிட்டாலும் இலக்கங்கள் தெரியும் அல்லவா? திகதி, நேரம், அடையாள அட்டை இலக்கம், ஃபோன் இலக்கம், ரூபாய்த் தொகை ஐந்தையும் விரலை வைத்துப் பாருங்கள். நான்குக்கும் ஏழுக்கும் மாறியிருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

மகன் நல்லாச் சிங்களம் கதைப்பான். அவனைக் கூட்டிக்கொண்டு போகலாம்தானே?

போகலாம். ஆனால் மகன் உங்களுக்காக முறைப்பாடு கொடுக்கக் கூடாது, நீங்கள் சொல்வதை மாற்றிச் சொல்ல மட்டும் வேண்டும். வீட்டில் மூன்று பேராக இருந்து பழகிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நீங்கள் ஒரு வசனம் சொல்லி நிறுத்த வேண்டும், அவர் அதைச் சொல்ல வேண்டும், தன் பங்குக்கு “அம்மா எப்பவும் இப்படித்தான், பையைத் திறந்தபடி வைப்பா” என்று சேர்க்கக் கூடாது. அதுவும் கொப்பியில் ஏறும்.

சின்னப் பிள்ளைகளை இதற்குக் கூட்டிப் போவதை நான் விரும்பவில்லை. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழும் சிங்களமும் இருக்கிறது. ஒரு பொருளின் பெயர் தெரியாவிட்டால் பாருங்கள், முழு வாக்குமூலத்தையும் அதில் போட வேண்டாம். யார் எடுத்தது, யாரிடம் இருந்து எடுத்தது என்பதை அது மாற்றிப் போடக்கூடும்.

பொலிஸ் எண்டாலே நெஞ்சு படபடக்குது. யுத்த காலத்தில பட்டதுகள் மனசில இருக்கு. பழகினா அது போகுமா?

போகும் என்று வாக்குத் தர மாட்டேன். சோதனைச் சாவடியில் அடையாள அட்டையோடு நின்ற வயது வந்தவர்களுக்குச் சீருடையும் சிங்களமும் ஒன்றாக வரும்போது உடம்பே இறுகுகிறது, அதை வகுப்பில் கண்ணால் காண்கிறேன். அவர்களை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. வகுப்பில் சிங்களப் பிள்ளைகள் எதிரில் இருந்து பயிற்சி தரும்போது, அந்த மொழி சீருடை இல்லாத ஒரு முகத்தில் இருந்தும் வருகிறது. பலருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக உதவியிருக்கிறது.

தனியாகப் போகாதீர்கள். கிராம உத்தியோகத்தரையோ நம்பிக்கையான ஒருவரையோ கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். பெண்கள் “காந்தா நிலதாரினியக் இன்னவாத?” என்று பெண் உத்தியோகத்தரைக் கேட்கலாம். உடனே எழுதித் தர வசதியாக, தமிழில் எழுதிய கடிதத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் பேச்சும் குறையும்.

ஃபோன் களவு போனா வேற என்ன சொல்ல வேணும்?

ஐ.எம்.இ.ஐ. இலக்கம், அதாவது ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியாக உள்ள அடையாள இலக்கம். இப்போதே *#06# என்று அழுத்திப் பாருங்கள், 15 இலக்கம் வரும். இரண்டு சிம் போடும் ஃபோன் என்றால் இரண்டு வரும். ஃபோனில் இல்லாமல் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், வாங்கின பெட்டியிலும் இருக்கும். நிலையத்தில் அந்தத் தாளை நீட்டினாலே போதும், 15 இலக்கத்தைச் சிங்களத்தில் சொல்லிக் கஷ்டப்பட வேண்டாம்.

முறைப்பாட்டுக்கு முன்னரோ பின்னரோ சிம்மை நிறுத்தச் சொல்லி உங்கள் நிறுவனத்துக்கும், வங்கிச் செயலி இருந்தால் வங்கிக்கும் அறிவியுங்கள். ஃபோன் போனால் எல்லா இலக்கமும் போய்விடும். வீட்டு ஆள் ஒருவரின் இலக்கத்தையாவது மனப்பாடமாக வைத்திருங்கள்.

பர்சோட அடையாள அட்டையும் போச்சு. முறைப்பாட்டைக் குடுத்துப்போட்டு வந்திட்டன், இனி?

பிரதி வாங்கினீர்களா? புதிய அட்டைக்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்கும்போது அது தேவைப்படும். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி எதுவாக இருந்தாலும் அப்படித்தான். “பிட்டபதக் கன்ன புளுவன்த?” பிரதி ஒன்று எடுக்கலாமா என்று முடிவில் கேட்டுப் பழகுங்கள். உடனே கிடைக்காவிட்டால் திகதியையும் முறைப்பாட்டு இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியில் இந்த வசனத்தைச் சொல்லாமல் எழும்பியவரை மறுபடியும் இருத்திச் சொல்ல வைக்கிறோம்.

இது எங்கட இடம் இல்லை, வேற ஸ்டேசனுக்குப் போங்கோ எண்டு சொன்னா?

ஓடும் பஸ்ஸில் நடந்த களவுக்கு இது வரும். “மொன பொலிஸியட்டத யன்ன ஓனே?” எந்தப் பொலிஸ் நிலையத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டு, பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கேயும் தட்டிக் கழித்தால் “ஓ.ஐ.சி. மஹத்தயா ஹம்பவென்ன புளுவன்த?” என்று பொறுப்பதிகாரியைச் சந்திக்கக் கேளுங்கள். குரலை உயர்த்தாமல் சொல்லிப் பழக வேண்டிய வசனம் இது.

தமிழில் சொன்னதற்காகவே எடுக்க மறுத்தார்கள் என்றால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. தமிழிலேயே எழுதலாம். நிலையத்தின் பெயர், திகதி, நேரம் இருக்க வேண்டும்.

உப்புவெளியில ஓட்டோ ஓடுறன். வெள்ளைக்காரர் களவு போச்சு எண்டு வந்து நிண்டா என்ன செய்யிறது?

நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள், உல்லாசப் பயணிகளுக்கான 1912 இலக்கத்தையும் காட்டுங்கள். மகன் விஷயத்தில் சொன்ன விதி உங்களுக்கும் பொருந்தும்: அவர் சொன்னதை மட்டும் மாற்றிச் சொல்ல வேண்டும். காப்புறுதிக்குப் பிரதி தேவைப்படும், நினைவூட்டுங்கள்.

கட்டாருக்கு வேலைக்குப் போறன். தங்கச்சி பிரான்சில. அங்கயும் இதே மாதிரிப் பழகலாமா?

முறை ஒன்றுதான், வசனத்தின் மொழி மட்டும் மாறும். கட்டாரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அவசர இலக்கம் 999, குவைத்தில் 112, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எங்கும் 112. ஆங்கிலத்தில் “மை பேக் வாஸ் ஸ்டோலன்” என்பதையும் “ஐ நீட் அ டமில் இன்டர்ப்ரெட்டர்” என்பதையும் வாயில் ஏற்றுங்கள். “ஐ வாஸ் ராப்ட்” என்றால் மிரட்டிப் பறித்தார்கள் என்று விளங்கிக்கொள்வார்கள், அப்படி நடந்தால் மட்டும் சொல்லுங்கள்.

தங்கச்சிக்கு ஒரு செய்தி: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2012/29 இலக்க வழிகாட்டலின்படி, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் தனக்கு விளங்கும் மொழியில் முறையிடலாம், அல்லது அதற்கு மொழி உதவி பெறலாம். பிரெஞ்சு வராது என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். கடவுச்சீட்டு போனால் பொலிசில் பிரதி வாங்கிய கையோடு இலங்கைத் தூதரகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

குடுத்த பிறகு யோசிச்சா, ஒரு விசயம் பிழையாச் சொல்லிப்போட்டன். சும்மா விடலாமா?

விடாதீர்கள், அதே நிலையத்துக்குப் பிரதியோடு திரும்பிப் போங்கள். “கலின் கியபு எக்கே வெரத்தக் தியெனவா” — முன்பு சொன்னதில் ஒரு பிழை இருக்கிறது என்று சொன்னால் மேலதிக வாக்குமூலம் எழுதிக்கொள்வார்கள். பழைய பக்கத்தில் வெட்டித் திருத்தச் சொல்லக் கூடாது, புதிதாக எழுத வேண்டும். மொழி தெரியாததால் வந்த பிழை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

பொருள் கிடைத்துவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும். “பேக் எக்க ஹம்ப உணா”, பை கிடைத்துவிட்டது. வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்திருந்தாலும் வெட்கப்படாமல் சொல்லுங்கள், அவர்களும் அந்தப் பக்கத்தை மூடலாம்.